கட்டுச்சோறும் ஒரு பானைத் தண்ணீரும்

பேயாண்டி செய்ய வேண்டிய எதையும் நேரத்துக்குச் செய்தவனில்லை. ஆனால் செய்யாமல் விட்டதற்காக வருத்தப்படுவதை மட்டும் அவன் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. அந்த ஒன்றில் மட்டும் மில்லுச் சங்கு மாதிரி. நேரம் தவறாது.

மதுரை ரயிலடிக்கு மேற்கே ஒரு பஞ்சாலையில் அவனுக்கு நூல்கட்டு எண்ணுகிற வேலை. காதிலே ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டு எண்ணினாலும் ஒரு கட்டு கூடாது, குறையாது. வீட்டு விஷயம் வேறு. வீட்டில் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் உண்டு: "பாப்போம்."

அந்த வருஷம் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவதாக மூத்தவள் பாண்டியம்மாளிடம் சத்தியம் செய்திருந்தான். எட்டு வயதுப் பிள்ளை. மூன்று மணிக்கே எழுந்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி உட்கார்ந்துவிட்டது. அவன் மனைவி ஒச்சாயி அவனை மூன்று தடவை எழுப்பினாள். மூன்று தடவையும் "இந்தா எந்திரிச்சுட்டேன்" என்று படுத்தபடியே சொன்னான். அவன் நிஜமாகவே கண் விழித்தபோது அழகர் ஆற்றில் இறங்கி, ஏறி, வண்டியூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

பாண்டியம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு சவ்வு மிட்டாயில் முடிந்திருக்கும். அவள் பேசாமல் தலைப் பின்னலை அவிழ்த்துவிட்டுப் பானையிலிருந்து பழைய சோறு எடுத்துச் சாப்பிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து பேயாண்டிக்குத் தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த முள்ளை எடுக்கத்தான் வைகாசியில் அவன் பிக்னிக்குக்குத் திட்டம் போட்டான்.

பிக்னிக்கு என்பதை அவன் மில்லில் கற்றுக்கொண்டான். மில்லுத் துரையும் துரைசாணியும் பிள்ளைகளும் ஒரு பிரம்புக் கூடையை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து, எங்கே என்று பெரிய குமாஸ்தாவிடம் கேட்டான். "பிக்னிக்கு" என்றார் அவர். அந்த வார்த்தையை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"அப்படின்னா?" என்றாள் ஒச்சாயி, அரிசியில் கல் பொறுக்கியபடி.

"சோத்தைக் கட்டிக்கிட்டுக் குடும்பத்தோட ஒரு எடத்துக்குப் போறது. நெழலாப் பாத்து உக்காந்து திங்கிறது. அப்புறம் திரும்பி வாரது."

"குலசாமி கும்பிடப் போறப்ப அதைத்தானே செய்யிறோம்?"

"இதுல சாமி கெடையாது."

"சாமி இல்லாம எதுக்குப் போகணும்?"

"சும்மாதான்."

"சும்மா உக்காந்து திங்கிறதுக்கு நம்ம வீட்டுல எடமில்லையா? நீங்க தெனமும் இங்கன செய்யிறது என்னவாம்?"

மூலையில் தங்கச்சியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாளின் கை நின்றுவிட்டது. "எந்த எடத்துக்கு, அய்யா?" என்றாள். சித்திரைக்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அது. பேயாண்டி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான்.

கீழக்குயில்குடி. சமணர் மலையடிவாரம். ஐயனார் கோயிலுக்கு முன்னால் பெரிய ஆலமரம், பக்கத்தில் தாமரைக் குளம். சாப்பிட்டுவிட்டு மேலே ஏறினால் பழைய காலத்துச் சமணச் சாமியார்கள் கல்லில் வெட்டிய படுக்கை இருக்கிறது, உச்சி வெயிலிலும் முதுகுக்குச் சில்லென்று இருக்கும். தூங்குவதற்கென்றே மலையில் இடம் செய்து வைத்த அந்தச் சாமியார்கள்மேல் பேயாண்டிக்கு மிகுந்த மரியாதை உண்டு. அது போக, அவனுடைய ஒரே தங்கச்சி சீனியம்மாளைக் கட்டிக்கொடுத்திருந்ததும் அந்த ஊரில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மில்லு லீவு. புளிச்சோறு, தயிர்ச்சோறு, பருப்புத் துவையல் என்று ஒச்சாயியும் மெள்ள இறங்கி வந்துவிட்டாள். ஒரு மாட்டு வண்டி பேசியாயிற்று. மீதி இருந்தது தண்ணீர். வைகாசியில் தாமரைக் குளத்தில் தாமரை இருக்குமோ என்னவோ, குடிக்கிற மாதிரித் தண்ணீர் இருக்காது.

வியாழக்கிழமை காலையில் தயிர்க்காரி ராமக்காள் வந்தாள். அவள் கீழக்குயில்குடிக்காரி. தினமும் தலையில் பானையோடு ஆறு மைல் நடந்து வந்து, விற்றுவிட்டு, ஆறு மைல் திரும்பி நடப்பவள். பேயாண்டி அவளிடம் தங்கச்சிக்குச் சேதி சொல்லிவிட்டான்.

"ஞாயித்துக்கெழம கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வாரோம்னு சொல்லு ராமக்கா. ஆலமரத்தடியில ஒரு பானை தண்ணி மட்டும் வச்சுரச் சொல்லு. அம்புட்டுத்தான்."

"கட்டுச்சோறா!" என்றாள் ராமக்காள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பானது. பிக்னிக்கின் பெருமை தயிர்க்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று பேயாண்டிக்கு சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தயிர்ப்பானையை இறக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, நீ நல்லா இருக்கணும். உன் தங்கச்சி மொகத்தை நேத்து நீ பாத்திருக்கணுமே! அவ மாமியா மலையம்மா இருக்காளே, ரெண்டு மாசமா அந்தப் பிள்ளையை என்ன பேச்சுப் பேசுனா! நேத்து அவ வாயில ஈ போனாக்கூடத் தெரியல. ஊரெல்லாம் சொல்லியாச்சு. சொந்தக்காரப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாராக. முப்பது எலைக்குக் கொறையாது."

"எதுக்கு?" என்றான் பேயாண்டி.

"எதுக்கா? ஒம்போதாம் மாசம் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிற பொண்ணுக்குப் பெறந்த வீட்டுக் கட்டுச்சோறு வருதுன்னா பொம்பளைக வராம என்ன செய்வாக?"

பேயாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது.

கட்டுச்சோறு. வழிக்குக் கட்டிக்கொண்டு போகிற சோற்றுக்கும் அதே பெயர்தான். தலைப்பிள்ளை உண்டான பெண்ணுக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பிறந்த வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கூட்டி வருகிறார்களே, அதற்கும் அதே பெயர்தான். அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சீனியம்மாளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது பேயாண்டி ஒருத்தன்தான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. கேட்டு வாங்குகிற சோறும் இல்லை அது. அண்ணனாக நினைத்துப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் காலத்துக்கும் மாமியார் வாயில் அரைபட வேண்டியதுதான்.

"தண்ணிப் பானையைச் சொன்னியா?" என்று ஈனக்குரலில் கேட்டான்.

"ஒரு எழுத்து விடாம எல்லாஞ் சொன்னேண்ணே" என்று சொல்லிவிட்டு ராமக்காள் தயிரை அளந்து ஊற்றினாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

அவள் போனதும் ஒச்சாயி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தை மாசம் கேட்டேன், உங்க தங்கச்சிக்கு எத்தனை மாசம்னு. என்ன சொன்னீங்க?"

"அஞ்சு."

"பங்குனியில கேட்டேன். சின்னவளுக்கு அம்மை போட்டு வேப்பெலையும் கையுமா இருந்தப்பக்கூடக் கேட்டேன். என்ன சொன்னீங்க?"

பேயாண்டி தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"அஞ்சு."

"தையிலயும் அஞ்சு, பங்குனியிலயும் அஞ்சு. ஊரு பிள்ளைக எல்லாம் வயித்துல வளருது, உங்க தங்கச்சி பிள்ளை மட்டும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கோ? மில்லுல இப்படித்தான் எண்ணுறீகளா?"

ஐப்பசியில் தங்கச்சி புருஷன் முத்திருளன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மில்லுக் கேட்டுக்கே வந்து, "மச்சான், சீனி முழுகாம இருக்கு, ரெண்டு மாசம்" என்று வெட்கத்தோடு சொன்னது பேயாண்டிக்கு இப்போது துல்லியமாக நினைவு வந்தது. பழத்தின் ருசிகூட நினைவு வந்தது. அன்றைக்கு சந்தோஷத்தில் கண்ணீர் விட்டவன்தான். அதற்குப் பிறகு மாதங்களை எண்ணுகிற வேலையை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று அவன் பாட்டுக்கு நூலை எண்ணிக்கொண்டிருந்துவிட்டான். பங்குனி முழுக்க அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அந்தப் பங்குனியில்தான் அவன் மில்லு நாடகத்தில் மந்திரி வேஷம் கட்டுவதற்கு மூன்று வாரம் ஒத்திகைக்குப் போனான். மந்திரிக்கு இரண்டே வசனம்.

"ஒண்ணு செய்யலாமா?" என்றான். "அது வேற கட்டுச்சோறு, தப்பா வெளங்கிக்கிட்டாகன்னு..."

ஒச்சாயி பார்த்த பார்வையில் மீதி வார்த்தைகள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

"அஞ்சு வகைச் சோறு" என்றாள் அவள். "இன்னைக்கும் நாளைக்குந்தான் இருக்கு. பெரிய அண்டா வேணும், இரவலுக்குக் கேளுங்க. சேலை எடுக்கணும். வளையல் வாங்கணும். பெரசவத்துக்கு அந்தப் பிள்ளைக்கு எடம் வேணும், நீங்க உங்க பாயை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிருங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் குறைந்திருந்தது. ஆள் வரப்போகிற வீட்டுப் பரபரப்பு வந்திருந்தது.

பாண்டியம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப பிக்னிக்கு, அய்யா?"

பேயாண்டி வாயைத் திறந்தான்.

"பாப்போமா?" என்று அவளே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு முள்ளை எடுக்கப் போய் இப்போது இரண்டு முள்.

சனிக்கிழமை சாயங்காலம் புதுமண்டபத்தில் வளையல் கடை முன்னால் நின்றான்.

"எத்தனை மாசம்ணே?" என்றார் கடைக்காரர்.

"அஞ்சு" என்றது வாய், பழக்கத்தில். "இல்ல, ஒம்போது. ஒம்போது!"

கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையளவு கேட்டார். பேயாண்டி விழித்தான். தங்கச்சி கை எவ்வளவு இருக்கும்? அவனுக்குத் தெரிந்த கை, அவன் விரலைப் பிடித்துக்கொண்டு இதே மண்டபத்தில் வளையலுக்கு அடம்பிடித்த ஆறு வயதுக் கை. அதற்குப் பிறகு அவன் அளவு எடுக்கவில்லை. "நல்லா இருப்பா. பூசுன மாதிரி" என்று உத்தேசமாகச் சொல்லி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வாழையிலை போட்டுக் கட்டி வண்டியில் ஏறின. அன்று பேயாண்டியை யாரும் எழுப்பவில்லை. அவன் தூங்கவே இல்லை. பசுமலை தாண்டும்வரை பாண்டியம்மாள் சோற்றுப் பானையை அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி வந்தாள்.

ஊருக்குள் நுழைந்ததுமே குலவைச் சத்தம். முத்திருளன் ஓடிவந்து அவன் கையிலிருந்த பானையை வாங்கி, "வாங்க மச்சான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் பேயாண்டி மாட்டைப் பார்த்தான். மாடும் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை.

வாசலிலேயே மலையம்மாள் நின்றாள்.

"வாய்யா தம்பி. ஏழாம் மாசமே வருவீகன்னு பாத்தோம். மதுரைக்கும் இங்கனைக்கும் ரெண்டு மாசப் பயணம்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை முந்தானையில் பிடித்துக்கொண்டார்கள். பேயாண்டி உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தான். அதற்குள் உள்ளேயிருந்து சீனியம்மாளின் குரல் வந்தது.

"எங்க வீட்டுல ஒம்போதாம் மாசந்தான் வழக்கம், அத்தை. அண்ணன் நாள் பாத்துத்தான் வந்திருக்கு."

அவர்கள் வீட்டு வழக்கம் ஏழாம் மாதம். ஆத்தாள் சாகும்வரை ஊரில் எந்தப் பெண்ணுக்கும் ஏழாம் மாதம் தவறவிட்டதில்லை. பேயாண்டி, "ஆமா, ஒம்போதாம் மாசந்தான்" என்று தலையாட்டினான். மந்திரி வேஷத்தில்கூட அவன் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

மணையில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். ஆள் இளைத்து, வயிறு மட்டும்தான் தெரிந்தது. ஒச்சாயி வளையலைப் போட்டாள். ஒவ்வொன்றும் தடையில்லாமல் ஏறி, கையைத் தூக்கினால் முழங்கைவரை ஓடியது. "என்னம்மா, உன் அண்ணன் அளவு தெரியாம வாங்கியிருக்காரு" என்று ஒருத்தி சொன்னாள். "பெரசவத்துக்கு அப்புறம் கை தேறிரும்னு பாத்து வாங்கியிருக்கு" என்றாள் சீனியம்மாள், வளையலை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய்.

முப்பது இலை விழுந்தது. புளிச்சோற்றைப் பாராட்டினார்கள். "தாய் இல்லாத கொறையைத் தீத்துட்டான்யா" என்று ஒரு பெரியவர் பேயாண்டியின் முதுகில் தட்டினார். தட்டிய கையை எடுத்து அதாலேயே ஓர் அறை விடச் சொல்லலாமா என்று அவனுக்குத் தோன்றியது.

புறப்படும்போது சீனியம்மாள் கொல்லைப் பக்கம் தனியாக நின்றாள். பேயாண்டி போனான்.

"தாயி, சீனி... ஒரு விசயம். நான் இதுக்குன்னு..."

"வெயிலுக்கு முன்ன வண்டியேறணும்ணே" என்று அவள் நடந்துவிட்டாள்.

வண்டி கிளம்பியது. முன்னால் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் பேயாண்டி. உள்ளே வைக்கோல் மெத்தையில் சீனியம்மாள், சின்னவளை மடியில் போட்டபடி ஒச்சாயி, பாண்டியம்மாள். ஊரைத் தாண்டி ஐயனார் கோயில் பக்கம் திரும்பும்போது சீனியம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஆலமரத்துக்கிட்ட நிறுத்தச் சொல்லுண்ணே."

மரத்தடியில், இரண்டு வேர்களுக்கு நடுவில், மணல் குவித்து ஒரு பானை உட்கார்ந்திருந்தது. வாயைத் தட்டால் மூடி, காக்காய் தள்ளாமல் மேலே ஒரு கல். பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஒரு செம்பு.

பேயாண்டி வண்டியிலிருந்து இறங்கினான்.

"நீ கேட்டதுதானே" என்றாள் சீனியம்மாள், ஒச்சாயி தோளைப் பிடித்து மெதுவாக இறங்கியபடி.

"சீனி... அப்ப உனக்கு..."

"கட்டுச்சோறு கொண்டு வாரவன் வீட்டுக்கு வருவான். ஆலமரத்தடியில தண்ணி கேக்க மாட்டான்." அவள் சிரித்தாள். "ராமக்கா கட்டுச்சோறுன்னு வாயெடுத்தப்ப அத்தை பக்கத்துல நின்னுச்சு. பானைன்னு அடுத்து ஆரம்பிச்சா. மோரு குடி அக்கான்னு செம்பை அவ வாயிலயே வச்சுட்டேன். மிச்சத்தைத் தெருவுக்கு வந்தப்புறந்தான் சொல்லவிட்டேன். வேற என்னண்ணே செய்ய? வராத சோறு தானா வழி தவறி வந்த மாதிரி இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டேன்."

"பானையை யாரு தூக்கியாந்தா?" என்று ஒச்சாயி கேட்டாள். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது.

"விடியக்காலம் கெணத்துக்கு வந்தேன் மதினி. அப்படியே நாலு எட்டுத்தான்."

நாலு எட்டு இல்லை. கிணறு ஊருக்கு அந்தப் பக்கம். பேயாண்டி அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தான். முதல் தடவையாகச் சரியாக அளந்தான். அண்ணன் வேறு அர்த்தத்தில் சொன்ன கட்டுச்சோற்றை நிஜமாக்கிவிட்டு, அவன் நிஜமாகக் கேட்ட தண்ணீரையும் அவள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். திட்டியிருந்தால் தேவலை. பாண்டியம்மாள் அழாமல் பழைய சோறு சாப்பிட்டது ஞாபகம் வந்தது. அவன் குடும்பத்துப் பெண்களுக்கு இந்தத் தண்டனை எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"என்னைக்கி நாள் சொல்லியிருக்காக?" என்று கேட்டான்.

"இப்பவாச்சும் கேட்டியே. ஆனி பத்தை ஒட்டி."

காதிலிருந்த பென்சிலை எடுத்தான். காகிதம் இல்லை. வேட்டி மடிப்பில் 'ஆனி 10' என்று எழுதினான். "துவைக்கப் போட்டுராதீங்க" என்றாள் ஒச்சாயி.

அதற்குள் பாண்டியம்மாள் மிச்சச் சோற்றுப் பொட்டலங்களை வேரின்மேல் வரிசையாக வைத்துவிட்டாள். பிறகு குளத்தைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், வேரில் சாய்ந்து காலை நீட்டியிருந்த அத்தையைப் பார்த்தாள்.

"அய்யா, இதுதான் பிக்னிக்கா?"

"இதேதான்" என்றாள் சீனியம்மாள், அது என்னவென்றே தெரியாமல். அன்றைக்கு அவள் சொன்ன நான்காவது பொய். ஆனால் அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று பேயாண்டி நினைத்துக்கொண்டான். செம்பில் முதல் தண்ணீரை மொண்டு தங்கச்சியிடம் நீட்டினான். அவள் பாதி குடித்துவிட்டு, "நீ குடிண்ணே" என்று திருப்பிக் கொடுத்தாள். வளையல்கள் சலசலவென்று முழங்கைக்கு ஓடின.

அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். தண்ணீர் சில்லென்று இருந்தது.

"அய்யா, அப்ப அடுத்த பிக்னிக்கு எப்ப?" என்றாள் பாண்டியம்மாள், புளிச்சோற்று வாயோடு.

அந்த ஒற்றை வார்த்தை பழக்கப்படி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளையாக வாய் நிறையத் தண்ணீர் இருந்தது.